சாலைக் கோடுகள்: எது நீடிக்கும், எது கட்டுப்படியாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலையில் கோடு போடும் வேலையோடு எனக்குத் தொடர்பு உண்டு என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு சந்தேகம் கேட்பார்கள். கேட்பவர் பொறியாளராக இருந்தாலும் குடியிருப்போர் சங்கத்துக்காரராக இருந்தாலும் கேள்வி சுற்றிச் சுற்றி அதேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. ரோட்டுல அடிக்கறதும் வீட்டுச் சுவருக்கு அடிக்கற பெயின்ட்தானே?

இல்லை. சுவர்ப் பெயின்ட் வெயிலையும் மழையையும் தாங்கினால் போதும். ரோட்டுக் கோட்டின்மேல் லாரி டயர் ஏறும், பிரேக் பிடித்துத் தேய்க்கும், டயருக்கு அடியில் சிக்கிய மண் உப்புத்தாள் போல உரசும். போட்ட சில நிமிடங்களில் வண்டிகளை விட்டாக வேண்டும் என்பதால் சீக்கிரம் காயவும் வேண்டும்.

புழக்கத்தில் இருப்பவை இவை: பெயின்ட் (கரைப்பானில் ஒன்று, தண்ணீரில் ஒன்று), உருக்கிப் போடும் தெர்மோபிளாஸ்டிக், இரண்டு பொருளைக் கலந்து இறுகவைக்கும் கோல்டு பிளாஸ்டிக், எபாக்ஸி போன்றவை, அப்புறம் ஒட்டும் டேப். டேப்பை விட்டுவிட்டால் எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். பிடித்துவைக்கப் பிசின், வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, இடத்தை நிரப்பச் சுண்ணாம்புப் பொடி, இரவில் மின்னக் கண்ணாடி மணி. இதில் விலை அதிகமானவை பிசினும் டைட்டானியமும். மலிவாகக் கொடுக்க நினைப்பவர் முதலில் கைவைப்பதும் அங்கேதான்.

2. சுத்தி வளைக்காம சொல்லுங்க, கோடு எத்தனை வருஷம் தாங்கும்?

தோராயமாகச் சொல்கிறேன். பெயின்ட் சில மாதங்களிலிருந்து இரண்டு ஆண்டு வரை. சரியாகப் போட்ட தெர்மோபிளாஸ்டிக் மூன்று முதல் ஐந்து, ஆறு ஆண்டு. கோல்டு பிளாஸ்டிக்கும் நல்ல டேப்பும் அதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ நிற்கும்.

ஆனால் பொருளைவிட இடம் பெரிது. ஒரே நாளில், ஒரே மூட்டையிலிருந்து போட்ட ஓரக்கோடும் நிறுத்தக்கோடும் ஒரே வயது வாழாது. ஓரக்கோட்டின்மேல் எப்போதாவதுதான் சக்கரம் ஏறும். நிறுத்தக்கோட்டின்மேல் ஒவ்வொரு வண்டியும் ஏறி, பாதி வண்டிகள் அங்கேயே பிரேக் பிடித்து, அங்கிருந்தே உறுமிக் கிளம்பும். வளைவின் உட்புறக் கோடு, தடம் மாறும் இடத்துக் கோடு, பாதசாரிக் கடவை எல்லாம் சீக்கிரம் போவது இதனால்தான். ஊர் முழுக்க ஒரே பொருளைப் போட்டுவிட்டு "ஏன் இங்கே மட்டும் போச்சு?" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

3. பகல்ல பளிச்சுன்னு இருக்கு. ராத்திரி மட்டும் காணோமே, எப்படி?

இரவில் நீங்கள் பார்ப்பது வெள்ளை நிறத்தை அல்ல, கண்ணாடி மணிகளை. ஹெட்லைட் வெளிச்சம் மணிக்குள் புகுந்து வளைந்து, அதன் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் நிறப்பொருளில் பட்டு, வந்த வழியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்புகிறது. மணி இல்லாவிட்டால் வெளிச்சம் முன்னோக்கிச் சிதறிப் போய்விடும். கோடு வெள்ளையாகவே இருக்கும், ஆனால் தெரியாது.

மணி எவ்வளவு புதைந்திருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். விட்டத்தில் பாதிக்குச் சற்று மேல், 50 முதல் 60 சதவீதம் புதைந்திருக்க வேண்டும். முழுக்க மூழ்கினால் வெளிச்சம் உள்ளே போக வழியில்லை. மேலோட்டமாக உட்கார்ந்திருந்தால் சில வாரங்களில் டயர் பிய்த்துக்கொண்டு போய்விடும். தெர்மோபிளாஸ்டிக் அதிகச் சூடாக இருக்கும்போது தூவினால் மணி மூழ்கும், ஆறிய பிறகு தூவினால் ஒட்டாது. நல்ல பொருளைப் போட்டும் இரவில் தெரியாத கோடுகளில் பெரும்பாலானவை இந்தச் சில நொடிகளில் கெட்டவை.

4. பொருளுக்குள்ளேயே மணி கலந்திருக்காமே? அப்புறம் மேலே எதுக்குத் தூவணும்?

தெர்மோபிளாஸ்டிக் மூட்டையில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மணி கலந்தே வரும். அது பின்னாளைக்கான இருப்பு. மேற்பரப்பு தேயத் தேய உள்ளே இருப்பவை வெளியே வந்து வேலை செய்யும். போட்ட முதல் நாளில் அவை எல்லாம் பிசினுக்குள் மூடிக் கிடக்கும். முதல் மாதங்களில் கோடு மின்ன வேண்டுமென்றால் மேலே தூவியாக வேண்டும். "உள்ளேயே இருக்கு சார்" என்று சொல்லித் தூவாமல் விடுபவர், மணிச் செலவை மிச்சம் பிடிக்கிறார் என்றுதான் பொருள்.

5. வறண்ட ராத்திரியில தெரியுது, மழை ராத்திரியில மொத்தமா மறையுதே?

மணிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. தண்ணீர்ப் படலம் அவற்றை மூடியதும் வெளிச்சம் மணிக்குள் போவதற்கு முன்பே தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுச் சறுக்கிப் போகிறது. போதாததற்கு, சாதாரண மணியின் ஒளிவிலகல் எண் (வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) 1.5. தண்ணீரின் எண் 1.33. இரண்டுக்கும் இடைவெளி குறைவு என்பதால் நனைந்த மணி வெளிச்சத்தை வளைக்கும் திறனையும் இழக்கிறது.

தீர்வுகள் உண்டு. பெரிய மணிகளைச் சேர்ப்பது, 1.9-க்கு மேல் ஒளிவிலகல் எண் கொண்ட மணிகளைப் பயன்படுத்துவது, கோட்டையே மேடு பள்ளமாக, குமிழ் குமிழாகப் போடுவது. மூன்றாவதில் தண்ணீர் பள்ளத்தில் வடிந்து மேடு வெளியே நிற்கும். தெருவிளக்கு இல்லாத, மழை அதிகமான வேகச் சாலைக்கு இந்தக் கூடுதல் செலவு தகும் என்பது என் கருத்து. விளக்கு எரியும் ஊர்த்தெருவுக்கு வேண்டியதில்லை.

6. பெயின்ட் மலிவு, தெர்மோபிளாஸ்டிக் பல மடங்கு விலை. எதுல லாபம்?

மீட்டர் விலையைப் பார்க்காதீர்கள். ஒரு மீட்டர் கோடு, கண்ணுக்குத் தெரிகிற நிலையில், ஓர் ஆண்டு இருக்க என்ன செலவு என்று பாருங்கள். அதில் பொருள் ஒரு பகுதிதான். ஆள், இயந்திரம், ரோட்டை மறிப்பது, மறித்ததால் நிற்கும் வண்டிகள், ஓடும் போக்குவரத்துக்கு நடுவே நிற்கும் தொழிலாளிக்கு உள்ள ஆபத்து எல்லாம் ஒவ்வொரு முறை கோடு போடும்போதும் திரும்ப வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. பெயின்ட் கோட்டின் செலவு 1 பங்கு, தெர்மோபிளாஸ்டிக் 4 பங்கு. நெரிசலான சாலையில் ரோட்டை மறிக்கும் செலவு ஒவ்வொரு முறையும் இன்னொரு 1 பங்கு. அங்கே பெயின்ட் ஓர் ஆண்டு, தெர்மோபிளாஸ்டிக் நான்கு ஆண்டு தாங்குகிறது என்றால், நான்கு ஆண்டில் பெயின்ட்டுக்கு 8 பங்கு ஆகும், தெர்மோபிளாஸ்டிக்குக் 5 பங்கு. இதையே வண்டி அதிகம் போகாத கிராமச் சாலையில் போடுங்கள். மறிக்கும் செலவு வெறும் 0.2, பெயின்ட் இரண்டு ஆண்டு, தெர்மோபிளாஸ்டிக் ஆறு ஆண்டு. ஆண்டுக்குப் பெயின்ட் 0.6, தெர்மோபிளாஸ்டிக் 0.7. இப்போது பெயின்ட்தான் ஜெயிக்கிறது. "எது நல்ல பொருள்?" என்று மட்டும் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லத் தயங்குவது இதனால்தான். எந்த ரோடு என்று முதலில் சொல்லுங்கள்.

7. காசு இருக்கு. விலை அதிகமானதையே போட்டுட்டா கவலை இல்லையே?

ரோட்டுக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்று கேட்டீர்களா? 6-ல் சொன்ன அதே நெரிசல் சாலைக்கு இரண்டு ஆண்டில் புது மேல்தளம் போடப் போகிறார்கள் என்றால், தெர்மோபிளாஸ்டிக்கின் 5 பங்கு இரண்டு ஆண்டுக்குள் முடிந்துபோகும். ஆண்டுக்கு 2.5. பெயின்ட் ஆண்டுக்கு 2 தான். மிச்ச ஆயுளைத் தாருக்கு அடியில் புதைத்ததுதான் கண்ட பலன்.

குழாய் பதிக்க, கேபிள் போட என்று தோண்டும் திட்டம் இருக்கிற தெருவுக்கும் இதே பதில். விரிசல் விட்டுப் பொடிந்துகொண்டிருக்கும் ரோட்டிலும் விலை அதிகமான பொருள் வீண். கோடு ஒட்டியிருப்பது மேல் ஜல்லியில். அது பெயர்ந்தால் கோடும் கூடவே போகும்.

8. தெர்மோபிளாஸ்டிக் போட்டு ஆறே மாசத்துல தகடு தகடா பெயர்ந்து வந்துடுச்சு. பொருள் போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் தேய்ந்து போவது வேறு, பெயர்ந்து போவது வேறு. தகடாகப் பெயர்ந்தால் என் சந்தேகம் முதலில் ஒட்டுதல்மேல்தான் போகும். பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வழவழப்பாக, மண் படிந்து இருந்தால் ரோட்டைச் சுத்தம் செய்யாமல் போட்டிருக்கிறார்கள். அடியில் ஊசித் துளைகளும் குமிழ்களும் இருந்தால் ரோட்டில் ஈரம் இருந்திருக்கிறது. சூடான பொருள் விழுந்ததும் ஈரம் ஆவியாகிக் கோட்டைத் தூக்கிவிட்டது. அடியில் தாரும் ஜல்லியும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் கோட்டின்மேல் தப்பில்லை, ரோடுதான் பலவீனம்.

இன்னொரு காரணம் சூடு. பொதுவாக 180 முதல் 220 டிகிரி வரை காய்ச்சிப் போட வேண்டும் (சரியான வரம்பை மூட்டையில் அச்சிட்டிருப்பார்கள்). சூடு குறைந்தால் பொருள் தாரைக் கொஞ்சம் உருக்கி அதனோடு கலந்து பிடிக்காது, மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். சூடு கூடினால் பிசின் கருகி, வெள்ளை பழுப்பாகி, ஆறியபின் நொறுங்கும். ஈரத்தைச் சோதிக்கச் சுலபமான வழி: ஒரு பிளாஸ்டிக் தாளை ரோட்டில் விரித்து நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டிக் கால் மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் இயந்திரத்தை ஓரம் கட்டுங்கள்.

9. கான்கிரீட் ரோட்டுக்கும் இதேதானா?

இல்லை. தாரில் நடக்கிற உருகிப் பிடிக்கும் வேலை கான்கிரீட்டில் நடக்காது. தெர்மோபிளாஸ்டிக்குக் கீழே பிரைமர் (பிடிப்புக்கான அடிப்பூச்சு) அடித்தே ஆக வேண்டும், அது காயவும் நேரம் விட வேண்டும். புதுக் கான்கிரீட் என்றால் நீர் ஆவியாகாமல் இருக்க மேலே அடித்த கியூரிங் படலத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடு அந்தப் படலத்தில்தான் ஒட்டும், ரோட்டில் ஒட்டாது. எபாக்ஸி கான்கிரீட்டில் நன்றாகப் பிடிக்கும்.

இன்னொன்று, வெளிறிய கான்கிரீட்டில் வெள்ளைக் கோடு பகலில் எடுபடாது. அதற்காகவே வெள்ளைக்கு இருபுறமோ இடைவெளியிலோ கறுப்புப் பட்டை சேர்ப்பார்கள்.

10. நேத்துதான் தார் போட்டாங்க. இன்னைக்கே கோடு போடலாமா?

பெயின்ட் என்றால் கொஞ்சம் பொறுங்கள். புதுத் தாரிலிருந்து எண்ணெய் கசிந்து வெள்ளையைப் பழுப்பாக்கும். அவசரம் என்றால் மெல்லிய ஒரு பூச்சு தற்காலிகமாக அடித்துவிட்டு, சில வாரம் கழித்து முழுக் கோடு போடுவது வழக்கம். தெர்மோபிளாஸ்டிக் புதுத் தாரில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் மேல்தளம் ஆறி இறுகியிருக்க வேண்டும்.

11. தெர்மோபிளாஸ்டிக்லயே ரெண்டு வகை இருக்காமே?

ஆமாம். பெட்ரோலியத்திலிருந்து வரும் ஹைட்ரோகார்பன் பிசின் ஒன்று, பைன் மரப் பிசினை மாற்றியமைத்துச் செய்யும் ஆல்கிட் இன்னொன்று. ஹைட்ரோகார்பன் சூட்டை நன்றாகத் தாங்கும், மிச்சத்தை மறுபடி காய்ச்சினாலும் அவ்வளவு கெடாது. ஆனால் எண்ணெய், டீசல் பட்டால் இளகும். ஆல்கிட் எண்ணெய்க்கு அசையாது. வண்டிகள் நின்று எண்ணெய் சொட்டும் நிறுத்தக்கோட்டுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் பொருத்தம். ஆனால் காய்ச்சுபவர் கவனமாக இருக்க வேண்டும், திரும்பத் திரும்பச் சூடாக்கினால் கெட்டுவிடும். இரண்டையும் ஒரே கொப்பரையில் கலக்கவே கூடாது, சேராது. ஒன்று முடிந்து மற்றது போடுமுன் கொப்பரையைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும்.

12. கோல்டு பிளாஸ்டிக், டேப் எல்லாம் யாருக்கு?

கோல்டு பிளாஸ்டிக் என்பது மெத்தில் மெத்தாக்ரிலேட் பிசின். கூடவே பென்சாயில் பெராக்சைடு சேர்த்ததும் வேதிவினை தொடங்கி, கால் மணி, இருபது நிமிடத்தில் இறுகிவிடும். காய்ச்சத் தேவையில்லை. ஒருமுறை இறுகினால் வெயிலில் இளகாது. தெர்மோபிளாஸ்டிக் கடும் வெயிலில் லேசாக இளகி டயர் அழுக்கை உள்ளே வாங்கிக் கறுக்கும், இதில் அந்தத் தொல்லை குறைவு. பாதசாரிக் கடவை, சைக்கிள் பாதை, நெரிசலான சந்திப்பு ஆகியவற்றுக்கு நல்லது. கலவை விகிதம் தவறினால் மொத்தமும் பாழ். வாடையும் கடுமையாக இருக்கும்.

டேப்பைப் புதுத் தார் சூடாக இருக்கும்போதே உருளை ஓட்டிப் பதித்துவிட்டால் நன்றாக நிற்கும். பழைய ரோட்டில் ஒட்டுவதற்கு அவ்வளவு விலை கொடுக்க நான் பரிந்துரைப்பதில்லை. வேலை நடக்கும் இடத்தில் தற்காலிகக் கோடாக ஒட்டி, பிறகு உரித்தெடுக்கும் டேப் தனி வகை. அதற்கு மாற்றில்லை.

13. தடிமனா போட்டா அதிக நாள் வருமில்ல?

ஓரளவுக்கு. பெயின்ட்டைத் தடிமனாக அடித்தால் மேலே ஆடை கட்டி உள்ளே காயாமல் கிடக்கும். 400 மைக்ரான் (0.4 மி.மீ.) ஈரப் படலம் அடித்தால் காய்ந்தபின் பாதிக்குச் சற்று மேல் நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு பூச்சு.

தெர்மோபிளாஸ்டிக்கில் 2 முதல் 3 மி.மீ. வழக்கம். அதற்கு மேல் போனால் கோட்டின் ஓரத்தில் தண்ணீர் தேங்கும், இருசக்கர வண்டி ஏறும்போது உதறும், பனி வழிக்கும் ஊர்களில் கலப்பை கோட்டையே வழித்துக்கொண்டு போகும். அங்கெல்லாம் ரோட்டைக் கொஞ்சம் செதுக்கிப் பள்ளத்துக்குள் கோடு போடுகிறார்கள். செலவு கூடும், ஆனால் ஆயுளும் கூடும்.

14. பழைய கோட்டு மேலேயே புதுசைப் போடலாமா?

பழையது கெட்டியாகப் பிடித்திருந்தால், அதே வகைப் பொருள் என்றால் போடலாம். பழைய பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும்போது அதன்மேல் தெர்மோபிளாஸ்டிக் போட்டால், புதுக்கோட்டின் பிடிப்பு அந்தச் செதிலின் பிடிப்பு அளவுதான். அப்புறம் 8-ல் பார்த்த கதைதான். இரண்டு, மூன்று அடுக்கு சேர்ந்து உயரம் கூடிவிட்டாலும் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவதே நல்லது.

15. தடம் மாத்திட்டாங்க. பழைய கோட்டைக் கறுப்பு பெயின்ட் அடிச்சு மறைச்சுட்டா?

தயவுசெய்து வேண்டாம். ஈரமான இரவிலும், சூரியன் தாழ்ந்திருக்கும் மாலையிலும் அந்தக் கறுப்புப் பட்டை பளபளத்து, நிஜக் கோட்டைவிட நன்றாகத் தெரியும். ஓட்டுநர் அதைப் பிடித்துக்கொண்டு போவார். கொஞ்ச நாளில் கறுப்பு தேய்ந்து பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும் என்பது தனிப் பிரச்சினை. அரைத்து எடுக்கலாம், ஆனால் ரோட்டில் தழும்பு விழும், அதுவும் கோடு போலவே தெரியும். மிக உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி எடுப்பது விலை அதிகம், ரோட்டுக்குச் சேதம் குறைவு.

16. மழையில பைக் வழுக்குதே, அதுக்கு என்ன?

கண்ணாடி மணியும் பிசினும் வழவழப்பானவை. பாதசாரிக் கடவை, அம்புக்குறி, எழுத்து போன்ற பெரிய பரப்புகளில் மணியோடு சேர்த்து நொறுக்கிய குவார்ட்ஸ் போன்ற கரடுமுரடான துகளையும் தூவ வேண்டும். இதனால் கோடு இரவில் மின்னுவது கொஞ்சம் குறையும். அந்த இடங்களில் பிடிப்புதான் முக்கியம் என்பதால் நான் தயங்காமல் விட்டுக்கொடுப்பேன். ஐரோப்பியத் தரமான இஎன் 1436, ஊசல் கருவியால் அளக்கும் பிடிப்புக்குக் குறைந்தபட்ச வகுப்பாக 45 என்ற எண்ணை வைத்திருக்கிறது.

17. பார்க்க நல்லாத்தான் இருக்கு. மறுபடி எப்போ போடணும்னு எப்படித் தெரியும்?

பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள் (காரணம் 3-ல்). ஓட்டுநர் 30 மீட்டர் தொலைவில் காண்பதற்குச் சமமான கோணத்தில் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கக் கருவி உண்டு. சதுர மீட்டருக்கு, லக்ஸுக்கு இத்தனை மில்லிகேண்டெலா என்று காட்டும். புதிய வெள்ளைக் கோடு 250, 300-க்கு மேல் காட்டும். இஎன் 1436-ல் 100, 150, 200, 300 என்று வகுப்புகள் உண்டு. நனைந்த கோட்டுக்கு 25, 35, 50 என்று இறங்கிவிடுவதைப் பார்த்தால் 5-ல் சொன்னது புரியும். அமெரிக்காவில் 2022-ல் வந்த விதிப்படி, மணிக்கு 35 மைல் அல்லது அதற்கு மேல் வேக வரம்புள்ள சாலைகளில் குறைந்தது 50 இருக்கும்படி பராமரிக்க வேண்டும்.

கருவி இல்லையா? இரவில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு கோட்டைப் பாருங்கள். இடுப்பளவில் பிடித்தால் வெளிச்சம் கண்ணுக்கு வராது, டார்ச்சுக்கே திரும்பிவிடும். பகலில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, உங்கள் தலை நிழல் விழும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். மணிகள் இருந்தால் மினுக்கும். எண் கிடைக்காது, ஆனால் எங்கே மணி போய்விட்டது என்று தெரிந்துவிடும்.

18. நடுக்கோடு போகும்போது நல்லாத் தெரியுது, திரும்பி வரும்போது மங்கலா இருக்கு. பிரமையா?

பிரமை இல்லை. கோடு போட்டுக்கொண்டே ஓடும் வண்டியிலிருந்து மணி தூவும்போது அது நேராக விழுவதில்லை, வண்டி போகும் திசையில் உருண்டு ஈரப் பெயின்ட்டை ஒரு பக்கம் பூசிக்கொள்ளும். வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு உருளும். அதனால் கோடு போட்ட திசையில் போகிறவருக்குப் பளிச்சென்றும் எதிரே வருபவருக்கு மங்கலாகவும் இருக்கும். இரு திசைப் போக்குவரத்து உள்ள நடுக்கோட்டை இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். ஒரு திசை அளவை மட்டும் நீட்டினால் ஏற்காதீர்கள்.

19. ஒப்பந்தக்காரர் சொன்ன அளவு பொருளைப் போட்டாரான்னு எனக்கெப்படித் தெரியும்?

மூட்டைகளை எண்ணுங்கள். 10 செ.மீ. அகலம், 1 கிலோமீட்டர் தொடர்கோடு என்றால் பரப்பு 100 சதுர மீட்டர். 2 மி.மீ. தடிமனுக்கு 200 லிட்டர் பொருள். தெர்மோபிளாஸ்டிக்கின் அடர்த்தி லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ என்பதால் 400 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை 16. பத்து மூட்டையில் ஒரு கிலோமீட்டர் முடிந்துவிட்டால் தடிமன் 1.25 மி.மீ. தான், வாதாட எதுவும் இல்லை. பெயின்ட் என்றால் 400 மைக்ரானுக்கு அதே கிலோமீட்டருக்கு 40 லிட்டர். விட்டு விட்டுப் போடும் கோட்டுக்கு எந்தப் பங்கு நிரம்புகிறதோ அந்தப் பங்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது கோட்டின் பாதையில் ஒரு சின்னத் தகரத் தட்டை வையுங்கள். இயந்திரம் அதன்மேல் ஓடிப் போனதும் எடுத்து, ஆறவிட்டு, தகரத்தின் தடிமனைக் கழித்து வெர்னியரால் அளக்கலாம். தட்டை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

20. டெண்டர்ல குறைஞ்ச விலைக்குத்தானே கொடுத்தாகணும்? என்ன செய்ய முடியும்?

குறைந்த விலைக்கே கொடுங்கள், ஆனால் எதற்கு விலை என்று மாற்றி எழுதுங்கள். "2 மி.மீ. தெர்மோபிளாஸ்டிக், இத்தனை மீட்டர்" என்று மட்டும் எழுதினால் போட்ட அன்றைக்கு மட்டுமே அவர் பொறுப்பு. முதல் மாத முடிவில் இத்தனை மில்லிகேண்டெலா, இரண்டாம் ஆண்டு முடிவில் இத்தனை, இத்தனை சதவீதத்துக்கு மேல் பெயர்ந்தால் மறுபடி போட வேண்டும், அதுவரை தொகையில் ஒரு பகுதி கையிருப்பில் என்று எழுதினால் மணி தூவுபவரின் கை தானாகத் தாராளமாகும். நிறுத்தக்கோட்டுக்கும் ஓரக்கோட்டுக்கும் ஒரே எண்ணை வைக்காதீர்கள். 2-ல் சொன்ன காரணத்தால் ஒப்பந்தக்காரர் மொத்த வேலைக்கும் விலையை ஏற்றிவிடுவார். அளப்பவர் யார், எந்த இடங்களில், எந்தத் திசைகளில் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.